நான் போதும் சொல்லவில்லை

இதை எழுதுவதற்கு முன்னால் நேரங்களை மூன்று இடத்தில் சரிபார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டில் ஒன்று. அண்ணியின் கைபேசியில் ஒன்று. கல் உடைக்கிற கிரஷரின் ஸ்டோர் ரூமில் தொங்கும் சுவர்க்கடிகாரத்தில் ஒன்று. மூன்றும் என் கைக்கடிகாரத்தோடு நிமிஷம் பிசகாமல் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பேய் விஷயம் என்றால் நடுராத்திரி, பாழடைந்த பங்களா, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் வண்டி மெக்கானிக். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "மொதல்ல பிளக்கக் கழட்டிப் பாருங்க" என்று வாயை அடைக்கிற ஆள். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். அந்த நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

முதலில் எங்கள் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

நானும் அண்ணனும் சேர்ந்து பட்டறை நடத்தினோம். அண்ணனுக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. அதனால் பானட்டுக்குள் தலையை விடுவது நான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிப்பது அவன். பானட் தூக்கியிருக்கும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். என் கை ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கும். அவன் அரை நொடி முந்தினால் எனக்கு விரல் போய்விடும். ஆகவே எங்களுக்குள் ஒரு சட்டம். நான் "அடி" என்றால்தான் அவன் அடிக்க வேண்டும். நான் "போதும்" என்றால்தான் விட வேண்டும். நடுவில் வானமே இடிந்து விழுந்தாலும் அவனாக விடக் கூடாது, ஏனென்றால் நான் அந்த நேரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு என் கையில் பத்து விரலும் இருக்கின்றன. அண்ணன் ஒரு நாளும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

அவன் செல்ஃப் அடிக்கிற விதமே தனி. சக்... சக்... என்று இரண்டு குட்டித் தட்டு, பிறகுதான் நீளமாக ஒன்று.

"என்னண்ணே, பொண்ணு பாக்கப் போன வீட்டுல கதவத் தட்டற மாதிரி தட்டற?" என்று கிண்டல் செய்வேன்.

"தூங்கறத தட்டி எழுப்பணும்டா. தண்ணிய ஊத்தி எழுப்பக் கூடாது" என்பான்.

எங்களிடம் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி இருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவின் கீல் தொய்ந்துபோயிருக்கும். சும்மா இழுத்தால் சாத்தாது. கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். தூக்கும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம், சாத்தும்போது 'டப்'. ஊரார் வண்டிக் கதவையெல்லாம் சரிசெய்து கொடுத்த எங்களுக்கு இதைச் சரிசெய்ய மட்டும் நேரம் வாய்க்கவில்லை. தூக்கிச் சாத்தும் அந்த வித்தை எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் கைவரவில்லை. அண்ணியே அந்தக் கதவோடு சண்டை போட்டுத் தோற்றவர்தான்.

அன்றைக்கு அண்ணன் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பதாவது நாள். மறுநாள் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது நன்றாகத்தான் பேசினான்.

"கிரஷர்ல லோடர் நின்னுபோச்சுன்னு நாலு தடவ கூப்பிட்டுட்டான். போய்ப் பாத்துட்டு வாடா. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எத்தன நாள் உக்காந்திருப்ப?" என்றான்.

"நாளைக்கு ஆபரேஷன வச்சுக்கிட்டு..."

"அது நாளைக்குத்தானே. போடா."

போனேன். அந்தப் பிக்கப்பில் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். ஜல்லி அள்ளுகிற அந்த லோடர் பழுதென்று கிரஷரில் ஒரு வாரமாக வேலை நின்றிருந்தது. ஆட்கள் யாரும் இல்லை. இருந்தவர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற ஒரே ஒரு பெரியவர். இடுப்பில் வளையம் நிறையச் சாவி தொங்கும். எந்தச் சாவியைக் கண்டாலும் எடுத்து அந்த வளையத்தில் மாட்டிக்கொண்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவருக்கு ஆட்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. நான் 'சார்' என்றே கூப்பிடுவேன்.

மூன்று மணிக்கு லோடர் வேலை முடிந்தது. கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஸ்டோர் ரூம் ஜன்னலைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடைக்காது. அதனால் கைபேசியை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன். 3.20க்கு அது அடித்தது. அண்ணி.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"கிரஷர்ல அண்ணி. என்ன ஆச்சு?"

"ஆபரேஷன் நாளைக்கு இல்லியாம். இன்னைக்கே ஆறு மணிக்கு உள்ள கொண்டுபோறாங்களாம். டாக்டர் முகமே சரியில்ல. உங்க அண்ணன் உங்களையே தேடறாரு."

"ஃபோனக் குடுங்க, நான் பேசறேன்."

"பேச முடியாது தம்பி. வாயில மாஸ்க் போட்டிருக்காங்க. கதவுப் பக்கமே பாத்துக்கிட்டிருக்காரு. வந்துருங்க."

ஒன்றேகால் மணி நேர ஓட்டம். எப்படிப் பார்த்தாலும் ஐந்துக்குள் போய்விடலாம். ஓடிப்போய் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். மணி 3.26.

ரர்ர்ர்ர்ர்ர்... ரர்ர்ர்ர்ர்ர்...

செல்ஃப் நன்றாக அடித்தது. வண்டி எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை. காலையில் ஒரே திருப்பில் எடுத்த வண்டி அது.

பானட்டைத் தூக்கினேன். சாவிக்கொத்து தாமாகவே வந்து நின்றார்.

"சார், உள்ள உக்காந்து நான் அடின்னா சாவியத் திருப்புங்க. போதும்னா விடுங்க. வேற எதையும் தொட வேண்டாம்."

"எனக்கு வண்டியெல்லாம் தெரியாதுப்பா."

"சாவி தெரியுமில்ல? அது போதும்."

ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் பார்த்தார், சாத்தவில்லை. இழுத்தார், உதைத்தார். "விடுங்க சார், தொறந்தே கெடக்கட்டும்" என்றேன். கதவு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

செல்ஃப் அடித்தும் வண்டி எடுக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது மூன்றுதான். பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறதா, இரண்டும் சரியான நேரத்தில் சந்திக்கின்றனவா. கார்புரேட்டருக்குப் போகும் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். "அடிங்க சார்." பெட்ரோல் பீச்சி அடித்தது. "போதும்." பிளக்கைக் கழற்றி இஞ்சினின் மேல் சாய்த்து வைத்தேன். "அடிங்க." நீலமாகப் பொறி பறந்தது. "போதும்." பொறிக்கு மின்சாரம் விட்டு விட்டுக் கொடுக்கிற பாயிண்ட்டைத் தேய்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்தேன். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தம் பார்த்தேன். விரலைத் தூக்கி எறிந்தது. எல்லாமே சரியாக இருந்தன. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அடிக்கச் சொன்னால் எடுக்கவில்லை.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஊரில் எவன் எவன் வண்டியையோ கல்யாணத்துக்கும் காட்சிக்கும் கிளப்பிக் கொடுத்தவன் நான். என் அண்ணன் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான், என் வண்டி எடுக்கவில்லை. ஸ்பேனரைத் தூக்கித் தரையில் அடித்தேன்.

4.05 இருக்கும். சாவிக்கொத்து ஏதோ சொன்னார். என் தலை இஞ்சினுக்குள் இருந்தது. பாயிண்ட் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவர் என்ன சொன்னார் என்று காதில் வாங்கவே இல்லை.

இடைவெளியைச் சரிசெய்து மூடியை மாட்டினேன்.

"சார், அடிங்க."

சத்தம் இல்லை.

"சார்... அடிங்க சார்."

இல்லை. மனுஷன் தூங்கிவிட்டாரா? கடிகாரத்தைப் பார்த்தேன். 4.10. ஐந்துக்கு இனிப் போக முடியாது, ஐந்தரைக்காவது போக வேண்டும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் நாக்கில் வந்து நின்றது. நினைத்துச் சொல்லவில்லை. தானாக வந்தது.

"அண்ணே... அடிண்ணே."

ஒன்றும் இல்லை. கிரஷரின் தகரக் கூரை வெயிலில் 'டொக்' என்று நெளிந்தது. அவ்வளவுதான்.

பிறகு...

கிறீச்.

டப்.

கதவு சாத்தியது. 'அப்பாடா, இறங்கிப் போயிருந்தார் போல, வந்துவிட்டார்' என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. கடிகாரத்தைத் திரும்பப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. 4.12.

சக்... சக்... ரர்ர்ர்ர்ர்ர்ர்...

"போதும்" என்றேன். நின்றது.

இந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் புத்தி முழுக்க ஆறு மணியில் இருந்தது. இத்தனை நேரம் மொட்டையாக அடித்துக்கொண்டிருந்தவர் எப்படி இரண்டு தட்டுத் தட்டி அடிக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. பேட்டரி விக்குகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் கண்டுபிடிப்பதுதானே என் தொழில்.

பிளக்குகளை மறுபடி கழற்றினேன். நனைந்திருந்தன. பெட்ரோல் அதிகமாகிவிட்டது. அப்படியானால் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடிக்க வேண்டும். பிளக்கைத் துடைத்து மாட்டினேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் கார்புரேட்டரின் லீவர் என் கண் முன்னாலேயே மெல்லத் திரும்பியது.

முழுக்கத் திறந்து நின்றது.

உள்ளே யாரோ ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

"சார், உங்களுக்கு வண்டி தெரியாதுன்னீங்க?" என்று கேட்டேன்.

பதிலுக்குக்கூட நிற்காமல் மறுபடி குனிந்தேன்.

"அடிங்க."

சக்... சக்... ரர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

எடுக்கவில்லை. "போதும்." டக்கென்று நின்றது. சொன்ன அந்த நொடியில்.

அரை மணி நேரம் இப்படியே போனது. காயிலை மாற்றினேன். டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பார்த்தேன், பின்னே தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அடி, போதும். அடி, போதும். ஒரு தடவைகூட அவர் முந்தவில்லை, பிந்தவில்லை. எனக்கு வேலை ஓடிய ஓட்டத்தில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது. பட்டறையில் நிற்பது போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

4.40க்கு என்னிடம் பார்ப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை. எல்லாம் சரி. வண்டி மட்டும் எடுக்கவில்லை. தலையை ரேடியேட்டர் மேல் வைத்துக்கொண்டு அழுதேன். நாற்பத்தோரு வயசு ஆள், சின்னப் பிள்ளை மாதிரி.

"எங்கண்ணன் சார்... ஆறு மணிக்கு உள்ள கொண்டுபோயிடுவாங்க. அதுக்குள்ள என்னப் பாக்கணும்கறான். என்னால ஒரு வண்டிய எடுக்க முடியல சார்."

உள்ளே சீட்டு ஸ்பிரிங் 'ஙொய்ங்' என்றது. யாரோ முன்னால் சாய்ந்த மாதிரி. லீவர் ஒரே ஒரு முறை மெல்ல அசைந்து நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்ஃப் அடித்தாகிவிட்டது. எந்தப் பேட்டரியும் இதற்குள் செத்திருக்கும். குரல் கம்மியிருக்கும், இழுத்திருக்கும். இது முதல் தடவை அடித்தது போலவே அடிக்கிறது.

மணி 4.50.

கடைசியாக ஒரு முறை. கையைக் காயில் ஒயரின் மேல் வைத்துக்கொண்டேன்.

"அடி."

சக்... சக்... ரர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

அடித்துக்கொண்டிருக்கும்போதே தலையைத் தூக்கி கேட் பக்கம் பார்த்தேன்.

கேட்டுக்குள் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். மிதிக்க முடியாமல் மிதித்து, ஒரு கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டுக்கொண்டு.

சாவிக்கொத்து.

ரர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

காயில் ஒயரிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் அங்கே. அப்படியானால் உள்ளே...

பானட்டைச் சுற்றி இரண்டடி வைத்தேன். அந்த இரண்டடிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது.

டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

கதவு சாத்தியிருந்தது.

சாவித் துவாரத்தில் சாவி இல்லை.

மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிழிந்த சீட்டு நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது.

ரர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

ஓடிப்போய்ப் பத்து நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். பேட்டரியின் டெர்மினலைத் தளர்த்தினேன். பிடுங்கினேன். ஒயர் என் கையோடு வந்துவிட்டது.

நிற்கவில்லை.

ரர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

மற்ற ஒயரையும் பிடுங்கினேன். பேட்டரியையே தூக்கிக் கீழே வைத்தேன்.

நிற்கவில்லை...

"யாருப்பா உள்ள?" சாவிக்கொத்து மூச்சிரைத்துக்கொண்டு வந்து நின்றார். "ரோட்டுல ஒரு லாரிய நிறுத்தி வச்சிருக்கேன். அஞ்சு நிமிஷந்தான் நிப்பேன்னாரு. அப்பவே சொல்லிட்டுத்தானே போனேன், நீயும் ம்முன்ன. உள்ள யாரு அடிக்கறது?"

"சாவி..." என்றேன். சாவித் துவாரத்தைக் காட்டினேன்.

அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வளையத்தில் எங்கள் வண்டிச் சாவி தொங்கியது. இறங்கும்போது பழக்க தோஷத்தில் எடுத்து மாட்டியிருக்கிறார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர். பாதி வழி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

லாரி நின்றிருந்தது. சைக்கிளை ரோட்டோரத்தில் போட்டுவிட்டு ஏறினேன். ஜல்லி ஏற்றிய லாரி. ஊர்ந்தது. டிரைவர் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். 'சீக்கிரம்' என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுக்க முடியாமல் நின்றவன், இப்போது லாரியை வேகப்படுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி லாரிக்குள்ளேயே கடந்தது.

6.30க்கு ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடி. அண்ணி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"எத்தன தடவ கூப்பிட்டேன் தம்பி" என்றார். கைபேசியை நீட்டினார். 4.15லிருந்து பதினோரு அழைப்பு. என் கைபேசி ஸ்டோர் ரூம் ஜன்னலிலேயே கிடந்தது.

"எப்ப, அண்ணி?"

"நாலு பன்னண்டுன்னு எழுதிக் குடுத்தாங்க."

அண்ணி தாமாகவே சொல்லிக்கொண்டு போனார்.

"நல்லாத்தான் கண்ண மூடிக்கிட்டு இருந்தாரு. திடீர்னு முழிச்சு மாஸ்க்கத் தள்ளிட்டாரு. மணி பாத்தேன், நாலு பத்து. 'கூப்பிடறான்'னாரு. யாருங்கன்னேன். 'தம்பி கூப்பிடறான், தனியா இருக்கான்'னு எழுந்திருக்கப் பாத்தாரு. படுங்கன்னு தோளப் புடிச்சேன். ரெண்டு நிமிஷந்தான்..."

நான் கூப்பிட்டது நாலு பத்து. கதவு சாத்தியது நாலு பன்னிரண்டு. கூப்பிட்டதால் போனானா, போகிற வழியில் வந்தானா? நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் ஆறு மணிக்கு உள்ளே போய் உயிரோடு வெளியே வந்திருப்பானா? இதை யாரிடம் கேட்பது?

உள்ளே போனேன். வெள்ளைத் துணி கழுத்து வரை. வலது கை மட்டும் துணிக்கு வெளியே தூக்கி நின்றது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்துத் திருப்பிய நிலையில் இறுகியிருந்தன.

நர்ஸம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்தக் கை மட்டும் மடங்க மாட்டேங்குது. ரெண்டு பேரு புடிச்சும் விரல் விரியல. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரியும்.

நான் "அடி" என்று சொன்னேன். 4.50க்கு. அதன் பிறகு பயத்தில் ஓடினேன்.

"போதும்" என்று சொல்லவில்லை.

அவன் ஒரு நாளும் அவனாக விட்டதில்லை.

குனிந்தேன். அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு உலகத்தில் உள்ள பலமெல்லாம் வேண்டியிருந்தது.

"போதும்ணே. எறங்கு."

கைக்கடிகாரத்தில் மணி 6.40.

விரல்கள் தளர்ந்தனவா என்று கேட்காதீர்கள். என் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு நர்ஸம்மா கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தார். அது மடங்கிப் படுத்தது. தானாகத் தளர்கிற நேரம் வந்திருக்கும் என்றார். இருக்கலாம். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பதினொரு நாள் கழித்துக் கிரஷருக்குப் போனேன். வண்டியை எடுக்க அல்ல. ஜன்னலில் விட்ட கைபேசிக்காகவும், தரையில் போட்டுவந்த சாமான்களுக்காகவும். அந்த வண்டியில் என்ன கோளாறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடி பானட்டைத் தூக்க மனசு வரவில்லை.

சாவிக்கொத்து கேட்டிலேயே நின்றிருந்தார். சாவியை வளையத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார். அந்த மனுஷன் ஒரு சாவியைத் தாமாகத் திருப்பிக் கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீ போனப்புறம் நான் ஸ்டோருக்குள்ள போய்த் தாப்பாப் போட்டுக்கிட்டேன்" என்றார். "பேட்டரி கீழ கெடக்கு. வண்டி விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு. எவ்வளவு நேரம்னு நெனக்கற? காதப் பொத்திக்கிட்டுச் செவுத்துக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எப்படா நிக்கும்னு."

"எப்ப நின்னுச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஆறு நாப்பது. யாரோ சொன்ன மாதிரி டக்குனு நின்னுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பாடான்னு மூச்சு விட்டேன். அப்புறந்தாம்ப்பா எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துச்சு. அந்த வண்டிக் கதவு தொறந்துச்சு. யாரோ எறங்குன மாதிரி ஸ்பிரிங்கு சத்தம். நான் இழுத்தும் ஒதச்சும் சாத்தாத கதவு அது..."

"சொல்லுங்க."

"மெதுவா தூக்கிச் சாத்துனாங்க. கிறீச். டப்."